திருநெல்வேலியில் ஒரு பின்பக்க அறை

படகு என் பெயரில் இருந்தது. அதில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. அப்பா இறந்தபோது தம்பி ஸ்டீபனுக்குப் பதினைந்து வயது. காகிதங்கள் எல்லாம் என் பெயருக்கு வந்தன. அவன் வளர்ந்து, கல்யாணம் முடித்து, பழைய படகைக் கொடுத்துவிட்டுப் புதிய விசைப்படகு எடுத்தபோதும் பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. மண்டபத்தில் நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருக்க, என் பெயரைச் சுமந்த படகு வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

சென்ற ஆண்டு அது எல்லை தாண்டி இலங்கைக் கடலில் பிடிபட்டது. படகிலிருந்த ஐந்து பேரும் சிறையில் சில வாரங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். படகு திரும்பவில்லை. அதற்குத் தனி வழக்கு. உரிமையாளர் நேரில் வந்து, படகு எல்லை தாண்டியது தனக்குத் தெரியாது என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் படகு கிடைக்கும். வராவிட்டால் அது அரசுடைமை. ஸ்டீபன் போக முடியாது; முன்பே ஒருமுறை பிடிபட்டு, இனி வந்தால் சிறை என்று எச்சரிக்கப்பட்டு விடப்பட்டவன். ஆகவே ஐம்பத்து நான்கு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்து, இருதயமேரியாகிய நான் யாழ்ப்பாணத்துக்குப் போனேன்.

எனக்கு அந்த ஊரைப் பார்க்க நெடுநாள் ஆசை. ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்ப்பதில்கூட ஒரு இன்பம் இருந்தது. மார்கழி மழையில், கையில் ஒரு வழக்குக் கட்டோடு போய் இறங்குவேன் என்று நினைத்திருக்கவில்லை.

வக்கீல் சொல்லியிருந்த விடுதி திருநெல்வேலியில் இருந்தது. எங்கள் பக்கத்துத் திருநெல்வேலி இல்லை. யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலி. நம்முடையதில் ஆறு ஓடும். இங்கே ஆறே கிடையாது, எல்லாம் கிணறுதான். சந்தையைத் தாண்டியதும் தெருவெல்லாம் மாணவர்கள். மழைச்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போனார்கள். போட்டோகாப்பிக் கடை, கொத்துரொட்டிக் கடை, வாடகைக்கு அறை என்று கையால் எழுதிய அட்டைகள். இவற்றுக்கு நடுவில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று, முன்பக்கம் மட்டும் வெள்ளை அடிக்கப்பட்டு நின்றது.

வரவேற்பில் இருந்தவரைத் தவம் அண்ணை என்றார்கள். அறுபது வயதிருக்கும். என் பாஸ்போர்ட்டைப் புரட்டி முகவரியில் விரலை வைத்தார்.

"மண்டபமோ. லோயர் சொன்னவர். பின்பக்க றூம் தாறன்."

முன்பக்க அறைகள் காலியாக இல்லையா என்று கேட்டேன். அவர் சாவியைத் தேடிக்கொண்டே, படகு விஷயமாக வருகிறவர்களுக்கு எப்போதும் பின்பக்க அறைதான் கொடுப்பது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சாப்பாட்டு மேசையிலை உந்தக் கதையை எடுக்காதேங்கோ. எல்லாருக்கும் நல்லது."

அறையில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடி இல்லாத அலமாரி. சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக நின்றது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கிணறும் அதன்மேல் கவிழ்த்த தகரமும். மழை அந்தத் தகரத்தில் விழுகிற சத்தம் ஐந்து நாளும் நிற்கவேயில்லை. குழாய்த் தண்ணீரில் லேசாக உப்புக் கரித்தது. எங்கள் வீட்டுக் குழாயிலும் அப்படித்தான் கரிக்கும். அந்த ஒன்று மட்டும் ஊரில் இருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போனபோது மேசை நிறையப் பெற்றோர்கள். பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வந்தவர்கள். வவுனியாவிலிருந்து வந்த ஒரு அம்மா, மகளுக்கு வாங்க வேண்டியவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு சிங்களக் குடும்பத்துத் தந்தை போனில் மனைவியோடு தாழ்ந்த குரலில் பேசினார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தவம் அண்ணை எனக்காக அதைத் தமிழில் சொன்னார்: "மகள் அழேல்லையாம், தான்தான் அழுறன் எண்டு மனிசிக்குச் சொல்லுறார்." அந்த மனிதர் நாங்கள் பார்ப்பதை உணர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மேசையில் எல்லோருக்கும் சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருந்தது.

இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தவள் பெயர் றீற்றா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் கடற்கரை ஊரான குருநகர்க்காரி. சமையலும் அறைகளைத் துப்புரவு செய்வதும் அவள்தான்; வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நீங்களும் வேதக்காரரோ, பிள்ளையைச் சேர்க்க வந்தனீங்களோ என்று கேட்டாள். பல்கலைக்கழகத்தைப் பார்க்க வந்தேன், நான் தமிழ் ஆசிரியை என்று சொன்னேன். இரண்டாவது பாதி உண்மை. மதுரைப் பக்கம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த நிமிடத்திலிருந்து நான் அவளுக்கு 'ரீச்சர்' ஆனேன். என் தட்டில் மட்டும் இன்னும் இரண்டு இடியப்பம் விழுந்தது.

அன்று பத்து மணிக்கு வக்கீல் வந்து படகைக் காட்டக் கூட்டிப் போனார். முப்பது வயதுகூட ஆகாத பையன் போன்ற மனிதர். எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் பலருக்கு அவர்தான் வழக்குப் பேசுகிறார். போகும் வழியில் ஆட்டோ ஒரு பள்ளத்துத் தண்ணீரில் நின்றுவிட்டது. ஓட்டுநர் எத்தனை முறை முயன்றும் உயிர் வரவில்லை. இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் அளவு செம்மண் தண்ணீரில் கால் மைல் நடந்தோம். வக்கீல் தன் குடையை எனக்குக் கொடுத்துவிட்டுக் கோப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வடக்குக் கரையில் ஒரு சிறு துறைமுகம். அங்கே எங்கள் ஊர்ப் படகுகள் வரிசையாகக் கிடந்தன. மிதந்தன என்று சொல்ல முடியாது. சில படகுகளில் கொடிக்கம்பம் மட்டும் தண்ணீருக்கு மேலே. சில ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உடைந்திருந்தன. எண்ணைப் பார்த்துப் பார்த்து வக்கீல் ஒன்றைக் காட்டினார். பச்சை வண்ணம் வெளிறி, ஒரு பக்கமாகச் சரிந்து, இயந்திர அறைக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. மேல்தட்டில் இழுவைமடி வலை குவியலாகக் கிடந்து பாசி பிடித்துவிட்டது. பெற்ற பிள்ளையைப் போல ஸ்டீபன் வைத்திருந்த படகு. ஒவ்வொரு மீன்பிடித் தடைக்காலத்திலும் அவனே சுரண்டி அவனே வண்ணம் அடிப்பான்.

சற்றுத் தள்ளி, சிறிய கண்ணாடியிழைப் படகுகளிலிருந்து இந்த ஊர்க்காரர்கள் வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வக்கீலிடம், "ஓனரோ?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். வக்கீல் தலையாட்டினார்.

"வந்து பாக்கட்டும்," என்று அவர் சொல்லிவிட்டு மறுபடி வலையில் குனிந்துகொண்டார்.

படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தான். இயந்திரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, அடிப்பலகை உடைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. கழற்றிக் காயவைத்தால் சரியாகிவிடும் அக்கா, படகு கையில் வந்தால் போதும் என்றான். அவன் மூத்த மகனும் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போக வேண்டும்.

மழையில் நனைந்ததற்கு மூன்றாம் நாள் பலன் கிடைத்தது. காலையில் எழுந்தபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. சாப்பிட வராததைக் கவனித்துவிட்டு றீற்றா மேலே வந்து கதவைத் தட்டினாள். என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். போய், கொத்தமல்லி அவித்த தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் சுக்கும் மிளகும் வைப்போம். இங்கே கொத்தமல்லிதான் எல்லாவற்றுக்கும் மருந்து. பிறகு கஞ்சி. பிறகு துவைத்த ஒரு துண்டை நனைத்து நெற்றியில் போட்டாள். தன் வேலைகளுக்கு நடுவில் மணிக்கொருதரம் வந்து பார்த்தாள். கன்னியாகுமரியில் கட்டிக்கொடுத்த என் மகள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மதியத்துக்குப் பிறகு காய்ச்சல் இறங்கியது. அவள் வாசலில் நின்றபடியே, தலையணை உறையை மாற்றிக்கொண்டு பேசினாள். வீட்டுக்காரர் என்ன வேலை என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அவர் கடல் தொழில்தான். இப்ப இல்லை," என்றாள். உறையை உதறினாள். "எங்களிட்டை வலை இருந்தது ரீச்சர். பின்னேரம் போட்டிட்டு வந்து விடிய எடுக்கப் போறவர். அண்டைக்குப் போய்ப் பாத்தால் ஒண்டும் இல்லை. ஒரு மிதப்புக்கூட இல்லை. றோலர் வந்து அள்ளிக்கொண்டு போட்டுது." றோலர் என்று அவள் சொன்னது எங்கள் பக்கத்து இழுவைப்படகுகளை.

உறவினர்களிடம் கடன் கேட்டு மறுபடி வலை போட்டார்களாம். எட்டு மாதம் கழித்து அதுவும் அப்படியே போனது. அவள் கணவர் படகைக் கொடுத்துவிட்டு, இப்போது சாவகச்சேரியில் கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போகிறார். விடிய பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பூசை முடிய முன்னரே எழுந்து வந்துவிடுவார், மற்றக் கடல் தொழிலாளிகளோடு கதைக்க வேண்டியிருக்கும் என்று. வீட்டில் மீன் வாங்கிச் சமைத்தால் அவர் அதைத் தொடுவதில்லை. காசு கொடுத்து வாங்கின மீன் எனக்கு இறங்காது என்பாராம்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அசதி என்று அவள் நினைத்திருப்பாள்.

"உங்கடை ஆக்கள் எண்டு சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ," என்றாள். "நீங்கள் படிப்பிக்கிற ஆள். உங்களுக்கும் அதுக்கும் என்ன."

அவள் போன பிறகு வெகுநேரம் தகரத்தில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எங்கள் வீட்டில் இறால் கொண்டுவந்து கொட்டுகிறபோது அது எந்தப் பக்கத்து இறால் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும். நம் பக்கம் இப்போது வெறும் கல்லும் சேறும்தான் என்று ஸ்டீபன் சாப்பிடும்போது சொல்லுவான். அந்தப் பக்கம் போனால்தான் டீசலுக்காவது ஆகும் என்பான். நான் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எல்லை தாண்டாதே என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பிடிபட்டுவிடாதே என்று நூறுமுறை சொல்லியிருக்கிறேன்.

மாலையில் தம்பி அழைத்தான். நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்ததை என்னை ஒப்பிக்கச் சொன்னான். ஒப்பித்தேன்.

"ஒரு வார்த்தைதான் அக்கா," என்றான். "தெரியாதுன்னு சொல்லிரு. மத்ததை அவரு பாத்துக்குவாரு."

நான்காம் நாள் நீதிமன்றம். அது நகரத்துக்கு வெளியே, வடமராட்சிப் பக்கம் இருந்தது. பஸ் நெல்லியடிக்குப் பக்கத்தில் வந்து டயர் வெடித்து நின்றது. நடத்துனர் எல்லோரையும் இறக்கிவிட்டு, அடுத்த பஸ் வரும் என்றார். வந்த அடுத்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பிள்ளை எழுந்து, "ஆன்ரி, இருங்கோ" என்று இடம் விட்டாள். எங்கள் ஊரில் 'இரு' என்றால் பொறு என்று அர்த்தம். இங்கே உட்கார் என்று அர்த்தம். நான் பொறுத்து நின்றேன். அவள் மறுபடியும் சொன்னாள். அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நீதிமன்ற மண்டபத்தில் ஈரக் குடைகளின் வாசனை. காணித் தகராறு, சைக்கிள் திருட்டு, குடித்துவிட்டு அடித்துக்கொண்டவர்கள் என்று ஒவ்வொன்றாகப் போனது. எல்லாமே தமிழில் நடந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. வெளிநாட்டு நீதிமன்றம் என்று பயந்து வந்தவளுக்கு ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. புரியாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தேன். பின்வரிசையில் மீனவர் சங்கத்து ஆட்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். படகு வழக்கு என்றால் அவர்கள் வந்து உட்காருவது வழக்கம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். பெயர், ஊர், தொழில். படகு என்னுடையதா என்று வக்கீல் கேட்டார், ஆம் என்றேன். நானே கடலுக்குப் போவதுண்டா என்றார், இல்லை என்றேன். நான் பள்ளியில் வேலை பார்ப்பவள், தொழிலை நடத்துவது தம்பி என்பதையெல்லாம் அவர் அழகாக, ஒரு கட்டுரைபோல எடுத்து அடுக்கினார். பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டார். படகு எல்லை தாண்டிப் போனது உங்களுக்குத் தெரியாமல்தானே நடந்தது?

ஆம் என்று சொன்னால் முடிந்தது. தம்பி சொன்ன வார்த்தைகூடத் தேவையில்லை.

"தெரியும்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போது கேட்டாலும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. றீற்றாவுக்காகச் சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் அவள் முகம் என் நினைவில் இல்லை. காய்ச்சல் விட்டு ஒருநாள்கூட ஆகவில்லை. 'தெரியாமல்தானே' என்று அவர் சொன்ன விதம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை யாரோ பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் ஒரு வெட்கத்தைக் கொடுத்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வக்கீல் கேள்வியைத் திருப்பிக் கேட்டார், எனக்குக் கேள்வி விளங்கவில்லை என்பதுபோல. நீதிபதி அவரைக் கையால் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியும் என்றால், தடுத்தீர்களா?"

"இல்லை ஐயா."

"ஒருமுறையாவது?"

"இல்லை."

அவர் நெடுநேரம் எழுதினார். படகும் மடியும் அரசுடைமை என்று வாசித்தார். பின்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டது கேட்டது. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வக்கீல் தன் கறுப்பு அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டே நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உங்களையும் சேர்த்து வழக்குப் போட்டிருக்க இடம் இருந்தது, அது உங்களுக்கு விளங்குதோ என்று மட்டும் கேட்டார். பிறகு எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து பஸ் நிறுத்தம்வரை வந்தார். நல்ல பிள்ளை. நான்கு மாதம் உழைத்த வழக்கை அவருக்கு நான் ஒரு சொல்லில் கெடுத்திருந்தேன்.

தம்பிக்கு நிறுத்தத்திலிருந்தே அழைத்தேன்.

"சொல்லிட்டியா அக்கா?"

"தெரியும்னு சொல்லிட்டேன் ஸ்டீபா."

கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடி சொன்னேன். அந்தப் பக்கம் மீன் ஏலம் போடுகிற குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி. வையி," என்றான். அதன் பிறகு அன்று முழுவதும் அவன் எடுக்கவில்லை.

விடுதிக்குத் திரும்பியபோது மணி நான்கு. மாடிப்படியில் றீற்றா துவைத்த விரிப்புகளைச் சுமந்துகொண்டு இறங்கினாள். மழை விடாததால் அவற்றை நடைக்கூடத்தில் கயிறு கட்டிக் காயப்போடப் போய்க்கொண்டிருந்தாள். கம்பஸ் எல்லாம் பார்த்து முடிந்ததோ என்று கேட்டாள். காய்ச்சலோடு ஏன் அலைகிறீர்கள் என்று கடிந்துகொண்டாள். அவளை அறைக்கு வரச் சொன்னேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவள் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மதுரைப் பக்கம் இல்லை, மண்டபம். பல்கலைக்கழகத்துக்குள் நான் காலே வைக்கவில்லை. படகு, மடி, தம்பி, இன்றைய தீர்ப்பு. தெரியும் என்று சொன்னதையும் சொன்னேன். சொல்லும்போதே அதைச் சற்று அழுத்திச் சொன்னதை உணர்ந்தேன். அவள் அதற்காக என்னை மன்னிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

அவள் கையிலிருந்த விரிப்பை மெதுவாக மடித்தாள். பிறகு கேட்டாள்.

"உங்கடை போட்டிலை அஞ்சு பேர் எண்டனீங்கள். அவையளுக்கு இனி என்ன தொழில்?"

வேறு படகில் போவார்கள் என்றேன்.

"இஞ்சைதான் வருவினம்."

மடித்த விரிப்பை அவள் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் உங்களுக்குக் கஞ்சி வைச்சது பிழையில்லை ரீச்சர். காய்ச்சல்காரருக்கு ஆரெண்டாலும் வைக்கத்தான் வேணும்," என்றாள். "ஆனால் நாளைக்கு உந்த றூமுக்கு நான் வரமாட்டன். தவம் அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டு வேறை ஆளை விடுறன். அவருக்கு முன்னாலை நிண்டு, இண்டைக்கும் அந்த றூமைக் கூட்டினனான் எண்டு என்னாலை சொல்லேலாது."

அவர் என்று அவள் சொன்னது தன் கணவரை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

அன்று மாலை சாப்பிடக் கீழே போகவில்லை. தெருமுனைக் கடையில் மாலுபணிஸ் என்கிற பன் இரண்டு வாங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கடித்ததும் மீன் வாசம். பாதியோடு வைத்துவிட்டேன். பக்கத்து அறையில் அந்தச் சிங்களத் தந்தை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மகளை விட்டுவிட்டுக் கிளம்புகிறார். சுவர் வழியாக அவர் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

ஐந்தாம் நாள் காலை வேறொரு பெண் தேநீர் கொண்டுவந்தாள். மரியாதையாகத்தான் இருந்தாள். நான் விரிப்பைக் கழற்றி மடித்து, வாளியைக் கவிழ்த்து வைத்து, அறையை என்னால் முடிந்தவரை கூட்டினேன். துடைப்பத்தைத் தேடி எடுக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. தவம் அண்ணை சாவியை வாங்கிக்கொண்டு, படகு போனதைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். வெளியே ஆட்டோ வந்து நிற்கும்வரை, என் பையை மழையில் நனையாமல் படிக்கட்டின் மேலே தூக்கி வைத்தார். சமையலறைக்குள்ளிருந்து அம்மியில் சம்பல் அரைக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. உள்ளே போய் றீற்றாவிடம் சொல்லிவிட்டு வரலாமா என்று நினைத்தேன். போகவில்லை. எனக்குச் சமாதானம் வேண்டும் என்பதற்காக அவள் வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

ஊரில் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு அது அப்படியே நடந்தது: ஸ்டீபன் என்னோடு பேசாமல் மூன்று மாதம் இருந்தான். அவன் மனைவி அடுப்பைத் தனியாக வைத்துக்கொண்டாள். ஐந்து பேரில் நான்கு பேர் வேறு படகுகளில் ஏறினார்கள். ஸ்டீபன் இப்போது பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஈஸ்டருக்கு வந்து, வாசலில் நின்று, "சாப்பிட்டியா" என்று கேட்டான். அவ்வளவுதான் இதுவரை.

விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். காக்கிக் காற்சட்டை, நனைந்த குடை. அங்கேதான் ஏதோ வேலை என்று தெரிந்தது. என் பையைப் பார்த்துவிட்டு, எங்கேயிருந்து வந்தனீங்கள் என்று சிநேகமாகக் கேட்டார்.

"மண்டபம்," என்றேன்.

"கடற்கரை ஊரெல்லோ. போட் இருக்கோ?"

"இருந்தது. இழுவைப்படகு. இங்கே வந்து மீன் பிடித்தது. நேற்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் சாய்த்திருந்த குடையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு இறங்கும்வரை என் பக்கம் திரும்பாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பக்கமே பார்த்தேன். செம்மண் தோட்டங்களில் தண்ணீர் நின்றது. ஒரு பெண் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, குனிந்து, வெங்காய நாற்றுகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள்.